கடைசிப் பெயர் கட்டாயம்

கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்:
கடைசிப் பெயர் கட்டாயம்.
எனக்கு இருந்தது ஒரே பெயர்,
அதற்கு முன்னால் ஒரு எழுத்து.
த. விஜிலா.
'த' மட்டும் போட்டேன், போதாது என்றது.
தபசிமுத்து என்று அப்பாவை முழுசாய் இறக்கினேன்.
அன்று முதல் விடிந்ததும்
'வணக்கம் தபசிமுத்து, இன்று என்ன நினைக்கிறீர்கள்?'
அப்பா இருந்திருந்தால்
ரப்பர் விலையை நினைப்பதாகச் சொல்லியிருப்பார்.

ஆறு வருடம் அங்கேதான் மழை எழுதினேன்.
குலசேகரத்தில் ஷீட் எடுக்கும் கடையில்
கணக்குப் பார்க்கிறவள் நான்.
மழை பெய்தால் வெட்டு இல்லை,
வெட்டு இல்லையென்றால் ஷீட் இல்லை,
ஷீட் வராத நாளில் நோட்டில் எழுத ஒன்றுமில்லை.
அதனால் மழையை எழுதினேன்.
முற்றத்தில் ஒரு அளவுக் குழாய்,
காலை ஆறரைக்குக் குனிந்து பார்ப்பேன்.
பதினான்கு மில்லிமீட்டர் என்று போட்டால்
அதன் கீழே ஒரு குடை விற்க வரும்,
வீட்டுக்கடன் வரும்,
பிறகு என் மழையை யாருக்கும் காட்டாமல்
எங்கோ செருகி வைத்துவிடும்.

ஒரு இடவப்பாதியில் கதவைச் சாத்தியது.
நீங்கள் உண்மையான ஆள்தானா என்று சந்தேகமாம்.
ஆதார் அனுப்பினேன்.
ஆதாரில் விஜிலா த.
அங்கே விஜிலா தபசிமுத்து.
பொருந்தவில்லை.
ஆறு வருட மழையும் உள்ளேயே நின்றுவிட்டது.

இப்போது என் பக்கம்
பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது.
திரையின் ஓரம் உடைந்த பழைய லேப்டாப்,
இரவும் பகலும் லேசாய்ச் சுடும்.
அந்தச் சூட்டுக்கு ஒரு பல்லி வந்து படுத்துக்கொள்கிறது.
முகவரிக்கு வருட வாடகை உண்டு,
ஒரு நல்ல ஏத்தன் குலைக்கு ஆகிற காசு.
வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து.
தேதி. மழை. அன்றைய ஷீட் விலை.
எப்போதாவது ஒரு வரி: 'பலாவில் குரங்கு.'
கரண்ட் போனால் பக்கமும் போகும்.
வருகிறவர்களை எண்ண ஒரு பெட்டி வைத்திருந்தேன்;
ஏழு என்றது. அதில் நாலு நான்.
எடுத்துவிட்டேன்.

மீதி மூன்றில் ஒருவன் ஷார்ஜாவிலிருந்து எழுதினான்.
ஜெறின், மாத்தூர். அவனுக்கும் கடைசிப் பெயர் இல்லை.
'அக்கா, ஊரில் எனக்கு இருநூறு மரம் உண்டு.
பங்குக்கு வெட்டுகிறவர் போன மாதம்
பன்னிரண்டு நாள் மழை என்கிறார்.
உங்கள் கணக்கில் ஐந்துதான்.
ஆளை நிறுத்திவிட்டேன். ரொம்ப நன்றி.'

நன்றியைப் படித்தபோது வயிறு கலங்கியது.

செவ்வாய்க்கிழமை அவர் கடைக்கே வந்தார்.
செல்லையன். உடம்பெல்லாம் பால் வாடை,
நெற்றியில் விளக்கு கட்டிக்கட்டி விழுந்த தடம்.
'நீதானா மழ எழுதுத பிள்ள?
எனக்க கூலியில மண்ணள்ளிப் போட்டியே.'
நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
'குலசேகரத்துல காஞ்சா
மாத்தூர்லயும் காயணுமா?
தொட்டிப்பாலத்துக்கு இந்தப் பக்கம் பெய்யும்,
அந்தப் பக்கம் துணி உலரும். கண்டதில்லியா?'

கண்டிருக்கிறேன்.
அவர் பொய் சொன்னாரா, தெரியாது.
நான் எழுதியதில் பொய் இல்லை.
இருந்தும் இருநூறு மரம் அவர் கையைவிட்டுப் போயிருக்கிறது.

அன்றிரவு பல்லியை ஒதுக்கி, மூடியைத் திறந்து,
எல்லாவற்றுக்கும் மேலே சேர்த்தேன்:

இங்கே இருப்பது என் முற்றத்தில் விழுந்த மழை.
வேலிக்கு அப்பால் பெய்ததை நான் அறியேன்.
த. விஜிலா.

மூடும்போது ஓட்டில் நாலைந்து துளி.
மணி பதினொன்றரை. காலையில்தான் அளக்க வேண்டும்.
ஜெறினுக்கு என்ன எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.